பாஸ்வேர்டு அடிக்கும்போது கர்சர் தாவுதா? வெப்சைட்டுகள் கீபோர்டைப் பறிப்பதைத் தடுப்பது எப்படி?

காஞ்சிபுரம் மாவட்டம், வாலாஜாபாத்தை அடுத்த தென்னேரி. பெரிய ஏரியும் பட்டுத் தறியும் உள்ள ஊர். அங்கே ஒரு இ-சேவை மையத்தில், மகளின் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்துக்காக நெசவாளர் வீட்டுப் பெண் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"பாஸ்வேர்டை எங்கிட்ட சொல்லாதீங்கக்கா, நீங்களே அடிங்க" என்று மையத்தில் இருக்கும் தம்பி கீபோர்டை அவர் பக்கம் தள்ளுகிறார். அவரும் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிக்கிறார். கண் முழுக்க கீபோர்டில்தான். எட்டு எழுத்தையும் அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், பாஸ்வேர்டு கட்டத்தில் மூன்றே புள்ளி. மீதி ஐந்து எழுத்தும் மேலே யூசர் நேம் கட்டத்தில், பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் படிக்கிற மாதிரி பளிச்சென்று நிற்கிறது.

அவர் எதையும் தப்பாக அமுக்கவில்லை. பக்கம் முழுசாக லோடு ஆவதற்கு முன்பே டைப் செய்ய ஆரம்பித்துவிட்டார், அவ்வளவுதான். லோடு ஆகி முடிந்ததும் அந்த வெப்சைட் கர்சரைத் தானாகவே யூசர் நேம் கட்டத்துக்கு இழுத்துக்கொண்டது. நெட் ஸ்லோவாக இருக்கும் இடங்களில் இது அடிக்கடி நடக்கும். ஸ்கிரீனைப் பார்த்தபடியே வேகமாக டைப் செய்பவர்கள் உடனே கவனித்துவிடுவார்கள். கீபோர்டைப் பார்த்து அடிப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதற்கு 'ஃபோகஸ் ஸ்டீலிங்' என்று பெயர். தமிழில் 'கவனப் பறிப்பு' என்று சொல்லலாம். ஆனால் இங்கே பறிபோவது உங்கள் கவனம் மட்டுமில்லை, உங்கள் கீபோர்டும்தான்.

ஃபோகஸ் என்றால் என்ன?

ஒரு ஸ்கிரீனில் பத்து கட்டங்கள் இருந்தாலும், நீங்கள் அடிக்கும் எழுத்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் போகும். அந்த இடத்துக்குத்தான் அப்போது ஃபோகஸ் இருக்கிறது என்று அர்த்தம். கட்டத்துக்குள் கண் சிமிட்டும் கோடு அதன் அடையாளம். மவுஸால் க்ளிக் செய்தோ, டேப் கீயை அழுத்தியோ, போனில் விரலால் தொட்டோ ஃபோகஸை நாம் மாற்றுகிறோம்.

நாம் கேட்காமலேயே வெப்சைட்டும் அதை மாற்ற முடியும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, 'ஆட்டோஃபோகஸ்'. எச்டிஎம்எல் மொழியில் ஒரு கட்டத்தோடு இந்த ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டால், பக்கம் திறந்ததும் கர்சர் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டாவது, ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் 'ஃபோகஸ்' என்ற கட்டளை. இதை எப்போது வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓட விடலாம்.

இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஆட்டோஃபோகஸ் கொஞ்சம் மரியாதை தெரிந்தது. அது வேலை செய்வதற்குள் நீங்கள் வேறொரு கட்டத்தில் க்ளிக் செய்துவிட்டால், பிரவுசர் அதைக் கைவிட்டுவிடும். எச்டிஎம்எல் விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது. வேறு தளத்திலிருந்து வந்து பக்கத்துக்குள் உட்கார்ந்திருக்கும் விளம்பரச் சட்டத்துக்கும் ஆட்டோஃபோகஸ் உரிமை கிடையாது. ஸ்கிரிப்ட் கட்டளைக்கு இந்த நாகரிகம் எல்லாம் இல்லை. நீங்கள் பாஸ்வேர்டின் நடுவில் இருந்தாலும் இழுத்துக்கொண்டு போய்விடும். தென்னேரி உதாரணத்தில் வேலையைக் காட்டியது இந்த இரண்டாவது வகைதான்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

பெரும்பாலும் கெட்ட எண்ணம் இல்லை. தேடுபொறிப் பக்கத்தைத் திறந்ததும் கர்சர் தேடல் கட்டத்திலேயே தயாராக இருந்தால் யாருக்கும் கோபம் வராது, ஒரு க்ளிக் மிச்சம். அதையே செய்தித்தளம், கடைத்தளம், பேங்க் லாகின் என்று எல்லா இடத்திலும் யோசிக்காமல் போட்டதுதான் பிரச்சினை. "எங்கள் செய்திமடலுக்குப் பதிவு செய்யுங்கள்" என்று பாதியில் குதிக்கும் பெட்டி, மூலையில் தானாகத் திறக்கும் சாட் பெட்டி, இவையெல்லாம் திறக்கும்போதே கர்சரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்கின்றன.

இதில் ஆபத்து இருக்கிறதா?

இருக்கிறது. முதல் ஆபத்து, மேலே பார்த்த பாஸ்வேர்டு விவகாரம். எழுத்து வெளியே தெரிவதோடு அது முடிவதில்லை. கவனிக்காமல் என்டரைத் தட்டிவிட்டால், பாஸ்வேர்டு ஒட்டிய அந்த 'யூசர் நேம்' சர்வருக்குப் போய்விடும். தோல்வியடைந்த லாகின் முயற்சிகளை யூசர் நேமோடு பதிவு செய்து வைக்கும் தளங்கள் நிறைய. பாஸ்வேர்டைச் சங்கேதமாக மாற்றிச் சேமிக்கும் தளம்கூட, யூசர் நேமை அப்படியே எழுத்தாகத்தான் வைத்திருக்கும். போதாக்குறைக்கு, பிரவுசரும் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, அதே கம்ப்யூட்டரில் அடுத்து உட்காருபவருக்கு 'இதுவா?' என்று எடுத்துக் கொடுக்கும்.

இரண்டாவது ஆபத்து இன்னும் நுட்பமானது. 2004-ல் ஜெஸ்ஸி ருடர்மன் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இதைச் சுட்டிக்காட்டினார். ஒரு வெப்சைட் உங்களை 'ஒன்லி' என்ற ஆங்கில வார்த்தையை டைப் செய்யச் சொல்கிறது. நீங்கள் அதை அடித்துக்கொண்டிருக்கும்போதே, 'இந்த மென்பொருளை நிறுவலாமா?' என்ற பெட்டி சட்டென்று மேலே வந்து ஃபோகஸைப் பிடித்துக்கொள்கிறது. வேகத்தில் நீங்கள் அடிக்கும் நான்காவது எழுத்து 'ஒய்'. அந்தப் பெட்டியில் 'எஸ்', அதாவது 'ஆமாம்' பொத்தானுக்கான குறுக்குவழி கீயும் அதுதான். கதை முடிந்தது, மென்பொருள் உள்ளே போய்விட்டது.

ஃபயர்ஃபாக்ஸில் எக்ஸ்டென்ஷன் போடும்போது 'சேர்' பொத்தான் ஒரு கணம் மங்கலாக இருந்துவிட்டுப் பிறகு உயிர் பெறுவதைப் பார்த்திருப்பீர்கள். 'கம்ப்யூட்டர் ஸ்லோ' என்று நினைத்துத் திட்டியிருக்கவும் கூடும். அது வேண்டுமென்றே வைத்த தாமதம். வேறு எங்கோ அடித்துக்கொண்டிருந்த எழுத்து தவறுதலாகச் சம்மதமாக மாறக்கூடாது என்பதற்காக.

மூன்றாவது, பேக்ஸ்பேஸ். ஒரு காலத்தில் கட்டத்துக்கு வெளியே ஃபோகஸ் இருக்கும்போது பேக்ஸ்பேஸை அழுத்தினால் பிரவுசர் முந்தைய பக்கத்துக்குப் போய்விடும். எழுத்துப்பிழையைத் திருத்தப் போனவர்கள், ஃபோகஸ் நழுவியது தெரியாமல், அரை மணி நேரம் நிரப்பிய விண்ணப்பத்தையே இழந்தார்கள். 2016-ல் குரோம் தன் 52-வது பதிப்பில் இந்தப் பழக்கத்தை எடுத்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2021-ல், 87-வது பதிப்பில்தான் எடுத்தது. கொஞ்சம் லேட்தான்.

தமிழில் டைப் செய்பவர்களுக்கு தனித் தொல்லை

ஒலிபெயர்ப்பு முறையில் டைப் செய்பவர்களுக்குத் தெரியும். 'வணக்கம்' என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்க அடிக்க, அந்தச் சொல் இன்னும் முடிவாகாமல் அடிக்கோட்டோடு நிற்கும். ஸ்பேஸ் தட்டினால்தான் உறுதியாகும். இந்த நேரத்தில் ஃபோகஸ் தாவினால் சொல் அப்படியே உடையும். 'வண' ஒரு கட்டத்தில், 'க்கம்' இன்னொரு கட்டத்தில். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து இடம் மாறினால் அந்த எழுத்து மட்டும்தான் போகும். தமிழில் மெய்யும் உயிரும் சேர்ந்தே எழுத்தாவதால், தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பவர்களுக்கும் பாதி எழுத்து இங்கே, பாதி அங்கே என்று ஆகிவிடும்.

விண்டோஸில் இன்னொரு விஷயமும் கவனிக்கணும். ஒவ்வொரு விண்டோவுக்கும் தனித்தனி டைப்பிங் மொழி வைத்துக்கொள்ளும் வசதியை ஆன் செய்திருந்தால், பாப்-அப் விண்டோ குதித்தவுடன் கீபோர்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடும். திரும்ப வந்து பார்த்தால் ஒரு வரி முழுக்க அர்த்தமில்லாத எழுத்துகள். செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் டைப்பிங், அதில் அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ் போய் இதை ஆஃப் செய்துவிடலாம்.

பிரவுசர்களே மொத்தமாகத் தடுத்தால் என்ன?

நியாயமான கேள்வி. ஆனால் அது அவ்வளவு சுலபம் இல்லை. ஓடிபி அடிக்கும்போது ஆறு கட்டங்களில் ஒவ்வொன்றாகக் கர்சர் தானே நகர்கிறதே, அதுவும் இதே ஃபோகஸ் கட்டளைதான். நீங்கள் 'டெலிட்' அழுத்தியதும் 'நிச்சயமா?' என்று ஒரு பெட்டி வந்தால், ஃபோகஸ் அந்தப் பெட்டிக்குள் போயே ஆக வேண்டும். இல்லையென்றால் ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்தும் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்குப் பெட்டி வந்ததே தெரியாது.

அப்படியென்றால் ஃபோகஸ் நகர்வதே தப்பு இல்லை. நீங்கள் ஏதாவது செய்ததால் நகர்ந்ததா, அதுவாக நகர்ந்ததா என்பதுதான் கேள்வி. இந்த வேறுபாட்டை பாப்-அப் விஷயத்தில் பிரவுசர்கள் ஏற்கெனவே பார்க்கின்றன. க்ளிக் செய்தால் புது விண்டோ திறக்கும், சும்மா இருக்கும்போது திறக்கப் பார்த்தால் தடுக்கப்படும். பக்கத்துக்குள் செருகிய வேற்றுத் தளங்களின் சட்டங்கள், பயனர் எதுவும் செய்யாமல் ஃபோகஸை எடுக்கக்கூடாது என்று கட்டுப்படுத்தும் ஒரு முன்மொழிவும் வெப் தர நிர்ணய வட்டாரத்தில் வைக்கப்பட்டது. ஆனால் ஒரு தளம் தன் சொந்தப் பக்கத்திலேயே ஃபோகஸைப் பிடுங்குவதை அதனால் தடுக்க முடியாது.

விண்டோஸ் இந்தப் பாடத்தை முன்பே படித்தது. விண்டோஸ் 98, 2000 காலத்திலேயே, பின்னால் ஓடும் ஒரு புரோகிராம் திடீரென முன்னால் பாய்வதற்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. முன்னால் வர அனுமதி இல்லாத புரோகிராமின் ஐகான் டாஸ்க்பாரில் மினுக் மினுக் என்று மின்னும், அவ்வளவுதான். வெப் பக்கங்களுக்குள் அந்த அளவு கறார் இன்னும் வரவில்லை.

புது டேப் திறந்ததும் முகவரிப் பட்டைக்குத்தான் முதல் உரிமை என்பதில் மட்டும் குரோம் கறார். புது டேப் பக்கத்தை மாற்றியமைக்கும் எக்ஸ்டென்ஷன்களுக்கும், 'கீபோர்டு உங்களிடம் இருக்கும் என்று நம்பி எதையும் செய்யாதீர்கள்' என்பதுதான் கூகுளின் அறிவுரை.

சரி, நாம் என்ன செய்யலாம்?

கம்ப்யூட்டரில் ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நேரடி வழி உண்டு. முகவரிப் பட்டையில் 'அபவுட்', ஒரு முக்காற்புள்ளி, 'கான்ஃபிக்' என மூன்றையும் ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். எச்சரிக்கை ஒன்று வரும், ஏற்றுக்கொள்ளுங்கள். தேடல் கட்டத்தில் 'ஆட்டோஃபோகஸ்' என்று ஆங்கிலத்தில் தேடினால் 'பிரவுசர்.ஆட்டோஃபோகஸ்' என்ற வரி கிடைக்கும். அதை 'ட்ரூ'விலிருந்து 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். அங்கே இருக்கும் மற்ற எதையும் தொட வேண்டாம்.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இது ஆட்டோஃபோகஸ் என்ற மரியாதையான ஆளை மட்டும்தான் நிறுத்தும். ஸ்கிரிப்ட் கட்டளையை நிறுத்தாது. 'மாத்திட்டேன், இன்னமும் தாவுதே' என்று பலர் குழம்புவது இதனால்தான்.

குரோமில் இப்படி ஒரு சுவிட்சே கிடையாது. எட்ஜும் குரோமின் அடித்தளத்தில் ஓடுவதுதான். இவற்றில் ஒரு குறிப்பிட்ட தளம் மட்டும் தொல்லை கொடுத்தால், முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் ஐகானை அழுத்தி, சைட் செட்டிங்ஸ் போய், அந்தத் தளத்துக்கு மட்டும் ஜாவாஸ்கிரிப்டை 'பிளாக்' செய்யலாம். செய்தி, கட்டுரை படிக்கும் தளங்களுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். பேங்க், விண்ணப்பத் தளங்களில் செய்தால் பக்கமே படுத்துவிடும்.

கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்கு டாம்பர்மங்கி, வயலன்ட்மங்கி போன்ற யூசர் ஸ்கிரிப்ட் எக்ஸ்டென்ஷன்கள் உண்டு. தொல்லை தரும் தளத்தில் மட்டும் ஓடும்படி, ஃபோகஸ் கட்டளையையே ஒன்றும் செய்யாத வெற்றுக் கட்டளையாக மாற்றும் ஒருவரி நிரலை அதில் போட்டுவைக்கலாம். எல்லாத் தளத்துக்கும் போட்டால் ஓடிபி கட்டங்கள் நகராமல் அடம் பிடிக்கும். முக்கியமாக, முகம் தெரியாத யாரோ எழுதிய ஸ்கிரிப்டை அப்படியே ஒட்டாதீர்கள். நீங்கள் அடிப்பதை எல்லாம் படிக்கும் அதிகாரம் அதற்குக் கிடைத்துவிடும். கர்சர் தாவுவதைத் தடுக்கப் போய் பாஸ்வேர்டையே தாரை வார்த்த கதையாகிவிடும்.

லாகின் பக்கங்களுக்கு உருப்படியான வழி பாஸ்வேர்டு மேனேஜர்தான். பிரவுசரிலேயே இருப்பதும் போதும். அது எழுத்து எழுத்தாக அடிப்பதில்லை, கட்டத்தைக் கண்டுபிடித்து மொத்தமாக நிரப்புகிறது. அதனால் கர்சர் எங்கே தாவினாலும் பாதிப்பில்லை. ஆனால் இ-சேவை மையம், பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர்களில் 'சேவ் பாஸ்வேர்டு' கொடுக்கவே கூடாது. அங்கே பக்கம் முழுசாக லோடு ஆகும்வரை காத்திருப்பது, பாஸ்வேர்டின் முதல் எழுத்தை அடித்ததும் தலை தூக்கி புள்ளி விழுகிறதா என்று பார்ப்பது, என்டர் தட்டுவதற்கு முன் இன்னொரு முறை பார்ப்பது, இதுதான் வழி.

போனில் என்ன நிலைமை?

போனில் கொஞ்சம் நிம்மதி. ஐபோன் சஃபாரியிலும் ஆண்ட்ராய்டு குரோமிலும், நீங்கள் எதையும் தொடாமல் வெப்சைட் தானாகக் கீபோர்டை மேலே எழுப்புவது பொதுவாக நடக்காது. ஆனால் பக்கத்தில் எங்கேயாவது ஒருமுறை தொட்டுவிட்டால், அந்தத் தொடுதலையே அனுமதியாக எடுத்துக்கொண்டு கீபோர்டை எழுப்பிவிடும் தளங்கள் உண்டு. படித்துக்கொண்டிருந்த செய்தி பாதி மறைந்துபோகும். ஆண்ட்ராய்டு குரோமில் செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், ஜாவாஸ்கிரிப்ட் என்று போய் அந்தத் தளத்தை மட்டும் தடை செய்யலாம். ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் போட்டுக்கொண்டால், குதிக்கும் பெட்டிகள் நிறையவே குறையும்.

பாஸ்வேர்டு ஏற்கெனவே தப்பான கட்டத்தில் விழுந்துவிட்டதா?

என்டர் தட்டவில்லை என்றால் அழித்துவிட்டுத் திரும்ப அடியுங்கள். சுற்றி யாராவது பார்த்திருந்தால் வீட்டுக்குப் போனதும் மாற்றிவிடுங்கள்.

என்டர் தட்டிவிட்டால் யோசிக்கவே வேண்டாம், பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டை வேறு இடத்தில் வைத்திருந்தால் அங்கேயும். பொதுக் கம்ப்யூட்டராக இருந்தால் இன்னொரு வேலையும் இருக்கிறது. அந்த யூசர் நேம் கட்டத்தில் க்ளிக் செய்து கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்துங்கள். பழைய பதிவுகள் வரிசையாக வரும். உங்கள் பாஸ்வேர்டு ஒட்டிய வரிக்குப் போய், ஷிப்ட் கீயை அழுத்தியபடி டெலிட் தட்டினால் அந்தப் பதிவு போய்விடும். விண்டோஸில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் இது வேலை செய்யும்.

பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு இது வேறு மாதிரியான அடி

பக்கத்தைக் காதால் கேட்டுப் படிக்கும் ஒருவரை, ஃபோகஸ் தாவல் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தூக்கி வேறு இடத்தில் போட்டுவிடும். மேலே என்ன தலைப்பு இருந்தது, எந்த நிபந்தனை இருந்தது எதுவும் தெரியாமல் நேராக 'எடிட்' என்ற குரல் மட்டும் கேட்கும். இலவச ஸ்கிரீன் ரீடரான என்விடிஏ பயன்படுத்துபவர்கள், அதன் செட்டிங்ஸில் பிரவுஸ் மோட் பகுதிக்குப் போய், ஃபோகஸ் மாறும்போது தானாக ஃபோகஸ் மோடுக்கு மாறும் வசதியை ஆஃப் செய்துவைத்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

விதி இல்லாமல் இல்லை. டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மை வழிகாட்டுதல்களில், பயனர் கேட்டால் மட்டுமே இப்படிப்பட்ட மாற்றம் நடக்க வேண்டும் என்று 2008-லிருந்தே ஒரு விதி இருக்கிறது, எண் 3.2.5. ஆனால் அது உச்சபட்சமான 'டிரிபிள் ஏ' நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டுதல்களின் 2023-ம் ஆண்டுப் பதிப்பு கேட்பது அதற்கு ஒரு படி கீழே உள்ள 'டபுள் ஏ' நிலையைத்தான். எனவே அந்தக் குறிப்பிட்ட விதி பட்டியலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. 2025 ஏப்ரல் 30 அன்று, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. டிஜிட்டல் கேஒய்சி தொடர்பான வழக்கு அது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகாவது இந்தப் படிநிலையை மறுபடி யோசித்தால் நல்லது.

வெப்சைட் நடத்துபவர்களுக்கு

பட்டுக்கடைத் தளமோ, கோயில் தளமோ, விண்ணப்பத் தளமோ, திருத்தம் மிகச் சின்னது. கர்சரை நகர்த்தும் முன், பயனர் ஏற்கெனவே ஏதாவது ஒரு கட்டத்துக்குள் இருக்கிறாரா என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி சரிபார்த்தால் போதும். இருந்தால் கையை வைக்காதீர்கள். சாட் பெட்டி, செய்திமடல் பெட்டி தானாகத் திறந்தே ஆக வேண்டும் என்றால் திறக்கட்டும், கர்சரை விட்டுவிட்டுத் திறக்கட்டும்.

அலுவலகத்தின் வேகமான வைஃபையில் சோதித்தால் இந்தப் பிழை கண்ணிலேயே படாது. குரோமின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் வேகத்தை 3ஜி-க்குக் குறைத்து வையுங்கள். லாகின் பக்கத்தைத் திறந்து, லோடு ஆகும்போதே, கீபோர்டை மட்டும் பார்த்தபடி யூசர் நேமும் பாஸ்வேர்டும் அடியுங்கள். பிறகு நிமிர்ந்து பாருங்கள்.